காப்புக் கட்டிய கையோடு

என் வீட்டுக்காரர் மூச்சு விட முடியாமல் எங்கள் லயத்து வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அன்றைக்கே நான் பாதி செத்துப் போனேன். அது 1984-ஆம் ஆண்டு. கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் நடந்தது.

என் பெயர் சரோஜா. மரம் சீவுகிறவள். எனக்கு நயமாகப் பேச வராது, எழுதவும் வராது. கோயிலில் நான் சொன்னதைக் கேட்ட பெண்கள், "இதை எழுதிக் குடுங்கக்கா, நாலு பேரு படிக்கட்டும்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். கோபம் வருகிற இடத்தில் கோபமாகத்தான் எழுதுவேன். மாரியம்மாளின் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் வீரையா. புகைவீட்டில் வேலை. கித்தா ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, அடியில் விறகு எரித்து, புகை போட்டு உலர்த்துவார்கள். அந்தப் புகையிலேயே பல வருஷம் நின்றவர். முதலில் இருமல்தான் வந்தது. "புகை நெஞ்சில தங்கிருச்சு, கொஞ்சம் நாட்டு மருந்து குடுத்தா சரியாப் போயிரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். குடுத்தேன். போகவில்லை. அப்புறம் வேர்வை. தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. ஆள் துரும்பாகிப் போனார். கோயிலுக்குப் போகிற சின்ன மேட்டை ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்காருவார்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். நிமிரக்கூட இல்லை. "டீபி" என்றார். டவுனில் எக்ஸ்ரே எடுத்தோம். இடப்பக்க நுரையீரலில் பஞ்சை அப்பினது போல வெள்ளையாக இருந்தது. சளியைப் பல தடவை வாங்கிப் பார்த்தார்கள். அதில் கிருமி இல்லை என்று அவர்களே சொன்னார்கள். நான் போய்க் கேட்டேன்.

"ஐயா, கிருமி இல்லன்னா எப்படி டீபி?"

"தோட்டத்து ஆளுக்கு இருமல் வந்தா வேற என்னாம்மா வரும்? மாத்திரையைச் சாப்பிடச் சொல்லு, போ" என்றார் டிரஸ்ஸர்.

அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. தோட்டத்து ஆள் என்றால் அவனுக்கு வருகிற நோய்கூட ஒன்றே ஒன்றுதானா?

மாத்திரை சாப்பிட்டார். ஊசி போட்டுக்கொண்டார். லயத்தில் விஷயம் பரவியது. நாங்கள் பைப்படியில் தண்ணீர் பிடித்தால், எங்கள் வாளி நகர்ந்த பிறகு அந்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவர் வாளியை வைப்பார். தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பினார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு பௌர்ணமியில் கோயிலில் அன்னதானம். பந்தியில் உட்காரப் போன அவரைப் பூசாரி கோவிந்தண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். கோவிந்தண்ணன் பூசாரி மட்டும் இல்லை, தோட்டத்து லோரியையும் அவர்தான் ஓட்டுவார்.

"வீரையா, நீ அந்தா, வேப்பமரத்தடியில உக்காந்துக்க. பந்தியில சின்னப் புள்ளைங்க நெறைய இருக்கு, கோவிச்சுக்காதலா."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார். நான் என் இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து கோவிந்தண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். அவர் கையால் விபூதி வாங்குவதையும் நிறுத்தினேன். நானே தட்டிலிருந்து எடுத்துக்கொள்வேன்.

மாத்திரைக் காலமெல்லாம் முடிந்தது. மறுபடி எக்ஸ்ரே. வெள்ளை குறையவில்லை. பெரிசாகியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஒரு டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது டீபி மாதிரி நடந்துக்கலையே" என்று எங்களைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். அங்கே தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் புலப்படவில்லை. விலாப்பக்கம் திறந்து, நுரையீரலில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். தேதி கொடுத்தார்கள்.

"இந்தத் தேதி தவறினா மறுபடியும் வரிசையில கடைசிதான். அது வரைக்கும் இவர் மூச்சு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார் அங்கே இருந்த டாக்டர். சீனர். மலாயில் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் விலாவையே தடவிக்கொண்டு வந்தார். இவருடைய அண்ணன் ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்ப் பிணமாகத் திரும்பியவர். அதுதான் மனதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஆடித் திருவிழா வந்தது.

எங்கள் தோட்டத்துக் கட்டுப்பாடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேர்த்தி வைத்தவர்கள் திருவிழா தொடங்கும் நாளில் மஞ்சள் நனைத்த நூலில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும் வரைக்கும் கவிச்சி கிடையாது, பாயில் தனியாகத்தான் படுக்க வேண்டும், தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்றால் பெரிய ரோட்டோரம் நிற்கிற முனீஸ்வரன் கல். தாண்டினால் கட்டினவனுக்கு மட்டும் இல்லை, தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள்.

காப்புக் கட்டுகிற அன்று உடுக்கைச் சத்தத்தில் கூட்டம் நெரிந்தது. "நேர்த்தி வச்சவங்க முன்னுக்கு வாங்க" என்று கோவிந்தண்ணன் கூப்பிட்டார். நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். பார்த்தால் இவர் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போகிறார். "ஏங்க, ஏங்க" என்று கத்தினேன். உடுக்கையில் யாருக்குக் கேட்கும்? நான் போய்ச் சேருவதற்குள் முடிச்சுப் போட்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரி நாளு திருவிழாவுக்கு நடுவுல வருது. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கையை நீட்டுனீங்க?"

"காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டக் கூடாதுலா. இனிமே ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தா மேல பழியப் போடாதீங்க. கத்திக்குப் பயந்துக்கிட்டுக் காப்புக்குள்ள போயி ஒளியிறீங்க. அதச் சொல்லுங்க மொதல்ல."

அவர் இருமினார். இருமி முடிக்கவே நெடுநேரம் ஆனது. அப்புறம், "ஆமா சரோஜா, பயந்தான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டேன். முதுகெலும்பு கைக்குத் தட்டியது.

மறுநாள் என் ரோஷத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கோவிந்தண்ணனிடம் போனேன். தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் சுப்பையாவும் அங்கே இருந்தார், அவர்தான் கோயில் தலைவர்.

"அண்ணே, அவரு காப்ப அவுத்து விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கோவிந்தண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கட்டுறதுதான் என் வேலை, தங்கச்சி. நடுவுல அவுக்குறதுக்கு எனக்கு உத்தரவு இல்ல."

"அடுத்த மாசம் போகட்டுமேம்மா. என்னா அவசரம்?" என்றார் மண்டோர்.

"நுரையீரல் என்னா உங்க லோரியாண்ணே, அடுத்த மாசம் ரிப்பேரு பண்ணிக்கலாம்னு விட?"

"வாயப் பாரு" என்றார் மண்டோர்.

ஆஸ்பத்திரி நாளுக்கு முதல் நாள். கித்தாப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மரம் சீவுகிற கத்திகூடக் கையிலே இருக்க, நேராகக் கோயிலுக்குப் போனேன். மத்தியான வெயில். ஒரு ஆள் இல்லை. கோவிந்தண்ணன் ஃபேக்டரிக்கு லோரி ஓட்டிப் போயிருந்தார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே அம்மாள் எலுமிச்சை மாலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் படம். எங்கள் கோயிலில் ஊர்வலச் சிலை கிடையாது. கண்ணாடி போட்ட அந்தப் பெரிய படத்தைத்தான் ரதத்தில் வைத்து ஊர்வலம் கொண்டுபோவோம்.

கும்பிட்டேன் என்று சொன்னால் பொய். சண்டை போட்டேன்.

"உனக்குக் கண்ணு இருக்கா இல்லியா? அவரு உனக்கு என்னா செஞ்சாரு? வருஷா வருஷம் உனக்குத் தோரணம் கட்டுன கைதான அது? அந்தக் கையிலயே கட்டிப் போட்டு வச்சிருக்கியே! பந்தியில இருந்து எழுப்பி விட்டப்ப பேசாம இருந்த. இப்பவும் பேசாம இருக்கியா? அனுப்பு. அனுப்ப மாட்டேன்னா, நீயே வந்து கூட்டிக்கிட்டுப் போ. இல்லன்னா இனிமே உன் வாசலுக்கு வர மாட்டேன்."

கம்பியில் முட்டிக்கொண்டு அழுதேன். அப்படி நான் என் அம்மா செத்தபோதுகூட அழுததில்லை. அழுது முடித்ததும் மனம் காலியாக இருந்தது. அமைதி வந்தது என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். எனக்கு அதெல்லாம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கினேன். நான் போனதையோ பேசினதையோ யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பசியாறக் கப்பில் தேத்தண்ணி ஊற்றும்போது லயத்து முன்னால் லோரி ஹார்ன் அடித்தது. விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தேன். ரதத்துக்கு அலங்காரம் செய்ய விட்டிருந்த தோட்டத்து லோரி. முன்னால் வேப்பிலைத் தோரணம். ஓட்டுகிற இடத்தில் கோவிந்தண்ணன், வேட்டியோடு, நெற்றி நிறைய விபூதியோடு. பக்கத்து இருக்கையில் அம்மாள். அந்தப் பெரிய படம், மாலையும் பட்டுத் துணியும் சாத்தி, சாய்த்து வைத்திருந்தது.

"வீரையா, சட்டையப் போட்டுக்கிட்டு வாலா. ஆத்தா வந்துட்டா. எவ்வளவு நேரம் வெயிலில உக்காருவா?"

இவர் கதவோரம் வந்து நின்றார். "அண்ணே, காப்பு..."

"அது கையிலயே கெடக்கட்டும். எல்லை எதுக்கு? அவ இருக்குற எடத்த விட்டுப் போகக் கூடாதுன்னுதான? அவளே கூட வர்றா. எல்லையும் கூட வருது. ஏறு."

"அண்ணே, உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல, தங்கச்சி. நேத்து அந்தி பூசையில ஆத்தா ரெண்டு தோளுலயும் பூ வச்சுக் கேட்டேன். காப்ப அறுக்கட்டுமான்னு கேட்டேன். எடப்பக்கம் விழுந்துச்சு, முடியாதுன்னுட்டா. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் எடப்பக்கம். எனக்கே வெறுத்துப் போச்சு. 'அப்ப என்னாதான் செய்யச் சொல்ற? நீயே அவனக் கூட்டிக்கிட்டுப் போறியா'ன்னு கோவத்துல கேட்டுட்டேன். கேட்டு வாய மூடல, வலது தோளுல இருந்த பூ பொட்டுனு என் கையில விழுந்துச்சு."

நீயே வந்து கூட்டிக்கொண்டு போ. பூட்டின கதவுக்கு முன்னால், ஆள் இல்லாத மத்தியானத்தில் நான் கத்தின வார்த்தை அது. அந்த நேரம் அவர் ஃபேக்டரியில் லோரியில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இது எப்படி என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எப்படி என்று தெரியாது. யார் என்று தெரியும்.

முனீஸ்வரன் கல்லடியில் நிறுத்திச் சூடம் காட்டி, எலுமிச்சையை டயருக்கு அடியில் வைத்து நசுக்கி, எல்லையைத் தாண்டினோம். இவர் படத்தை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தார். சட்டையெல்லாம் குங்குமம். ரவாங்கைத் தாண்டிப் பத்துமலை தெரிந்ததும் கோவிந்தண்ணன், "ஆத்தா, ஒன் மகன் வீடு வருது. கையக் காட்டிட்டு வா. எறங்கிடாத, நமக்கு வேலை இருக்கு" என்றார். இவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, ஆனாலும் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் படத்தை இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோவிந்தண்ணன் கிளம்பினார்.

"அண்ணே, படத்த எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்கு ரதம் இருக்கே."

"எடுத்துக்கிட்டுப் போனா இவன் எல்லைக்கு வெளிய இருக்கான்னு ஆயிரும். இங்கயே இருக்கட்டும்."

"ரதத்துல என்னா வைப்பீங்க?"

"சூலத்த வச்சு ஓட்டுறேன். போ."

ஓட்டினார். அந்த வருஷம் எங்கள் தோட்டத்து ரதத்தில் சூலம் மட்டும் போனது. என்னென்ன பேச்சு வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். "பூசாரி ஆத்தாள ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணிட்டாருலா" என்று இளவட்டங்கள் கிண்டல் அடித்தார்களாம். மண்டோர் கத்தினாராம். "ஆமா, அவளுக்கு அங்க வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரதத்தை ஓட்டினாராம்.

ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகும்போது ஒரு மலாய் மிஸ்ஸி, நர்ஸம்மா, வந்து கையில் இருந்த நூலைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இதெல்லாம் கூடாது, வெட்டணும் என்றாள். இவர் கையை நெஞ்சோடு சேர்த்து மடக்கிக்கொண்டார். அவள் அவரைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். கத்திரிக்கோலைப் பைக்குள் போட்டாள். வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்து, நூலும் மஞ்சளும் வெளியே தெரியாமல் கையைச் சுற்றி ஒட்டிவிட்டாள். "பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

திருவிழா முடிந்த மறுநாள் கோவிந்தண்ணன் சிரட்டையில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வார்டுக்கே வந்தார். பிளாஸ்திரியைப் பிரித்து, மந்திரம் சொல்லிக் காப்பை அவிழ்த்தார். இவர் விலாவில் குழாயோடு படுத்திருந்தார். பக்கத்தில் இவர் பாதி குடித்து வைத்த தேத்தண்ணி இருந்தது. கோவிந்தண்ணன் அந்தக் கப்பை எடுத்தார். "தாகமா இருக்குலா" என்று சொல்லி மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

அப்போது நோய் என்னவென்று யாருக்கும் தெரியாது. டீபி என்றுதான் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அவருக்கும் அதுதான் தெரியும். தெரிந்துதான் குடித்தார். வேப்பமரத்தடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் நீட்டின விபூதியை அவர் கையாலேயே வாங்கிப் பூசிக்கொண்டேன்.

நுரையீரலில் எடுத்த துண்டைச் சோதித்துப் பதில் வர நாளானது. அந்தச் சீன டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை, "புக்கான் பாத்தோக் கெரிங்." டீபி இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையைக் காட்டிப் பொறு என்றார். லிம்போமா என்று ஒரு பெயர் சொன்னார். புற்றுநோயில் ஒரு வகைதானாம். உடம்பைக் காவல் காக்க ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டாம். அதில் ஒரு கூட்டம் கட்டுக்கு அடங்காமல் பெருகி, காவலை விட்டுவிட்டு, நுரையீரலிலேயே குடி இருந்துவிட்டதாம். யாருக்கும் ஒட்டாதாம். புகையால் வந்தது என்றும் சொல்ல முடியாதாம்.

"இதுல வேகமா ஓடுற வகையும் இருக்கு. இவருக்கு வந்தது மெதுவா நடக்குறது. மருந்து கேட்கும். ஆனா நுரையீரலைச் சுத்தித் தண்ணி சேர ஆரம்பிச்சிருந்தது. அடுத்த வரிசைக்குக் காத்திருந்தா நான் உங்ககிட்ட இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

இதைத்தான் நான் சாட்சி சொல்ல வந்தேன். அந்தத் தேதி. அந்த ஒரு தேதிக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்.

அப்புறம் எல்லாம் மந்திரம் போட்டது போல நடந்துவிடவில்லை. மாத்திரை, மாதா மாதம் ஊசி, வாந்தி, முடி கொட்டியது. இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்று ஊரெல்லாம் வைத்தியம் சொன்னது. நான் டாக்டர் சொன்னதை மட்டும் செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாக எக்ஸ்ரே படத்தில் வெள்ளை கரைந்தது. புகைவீட்டு வேலையை விட்டுவிட்டு இப்போது நாற்றுப் பண்ணையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மழைக் காலத்தில் இருமுவார். நோய் போய்விட்டதா என்று டாக்டரைக் கேட்டேன். தூங்குகிறது, அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார். தூங்கட்டும். தூங்க வைக்கத் தெரிந்தவள் மேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நாங்களும் ஒரு தேதிகூடத் தவறாமல் போய்க் காட்டுகிறோம்.

டிரஸ்ஸரை மன்னித்துவிட்டாயா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்னும் இல்லை. அதற்கும் அம்மாளிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் பால்குடம் எடுத்தார். மேடு ஏறும்போது உட்காரவில்லை. பந்தியில் அவருக்கு வலப்பக்கம் கோவிந்தண்ணன், இடப்பக்கம் சுப்பையா மண்டோர். நான்தான் பரிமாறினேன். மண்டோருக்குச் சாம்பார் கொஞ்சம் குறைவாகத்தான் ஊற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது 1988. எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. காப்புக் கட்டினவர் யாருக்காவது ஆஸ்பத்திரி போக வேண்டி வந்தால், யாரும் கூடிப் பேசுவதில்லை. படத்தை இறக்கி லோரியில் வைத்துவிடுகிறோம். ஒரு பிரசவத்துக்குப் போனது. மரத்திலிருந்து விழுந்த ஒருவருக்காகப் போனது. கண்ணாடியில் ஒரு மூலை விரிசல் விட்டிருக்கிறது. மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலை செய்கிறவள் கையில் காய்ப்பு இருக்கத்தான் செய்யும்.

இதைப் படிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். அழகான வார்த்தை தெரியவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. போய் நில்லுங்கள். கதவு பூட்டியிருந்தாலும் நில்லுங்கள். கத்த வேண்டும் என்றால் கத்துங்கள், அவள் கோவித்துக்கொள்ள மாட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய துணியை மடித்து வையுங்கள். வாசலில் ஹார்ன் அடிக்கும்போது சட்டையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.